92 வயதில் 153: ரிச்சர்ட் மார்கனின் இதயத்துடிப்பும் நாம் போடும் கணக்கும்

ரிச்சர்ட் மார்கன் அயர்லாந்துக்காரர், கார்க் பகுதியைச் சேர்ந்தவர். ரொட்டி சுடும் வேலை, பேட்டரி செய்யும் வேலை என்று உழைத்து ஓய்வு பெற்றவர். 73 வயது வரை ஒழுங்காக உடற்பயிற்சி என்று எதுவும் செய்ததில்லை. முழங்காலிலும் தகராறு. பேரன்களில் ஒருவர் கல்லூரியில் துடுப்புப் போட்டி வீரர். அவருடைய பயிற்சியைப் பார்க்கப் போன இடத்தில், பயிற்சியாளர் தாத்தாவையும் ஒரு ரோயிங் மெஷினில், அதாவது இருந்த இடத்திலேயே துடுப்பு போடும் பயிற்சி எந்திரத்தில், உட்காரச் சொன்னார். அன்று பிடித்த கைப்பிடியை அவர் விடவே இல்லை. வீட்டின் பின்கட்டுக் கொட்டகையில் ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டு இழுத்தார், இழுத்தார், 92 வயதில் அவருடைய வயதுப் பிரிவில் நான்கு முறை உள்ளரங்கத் துடுப்பு உலக சாம்பியனாக இருந்தார்.

இன்னொரு பேரன் லோர்கன் டேலி, ஷானன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி அறிவியல் பாடம் நடத்துபவர். அவரும் சக ஆய்வாளர்களும் மார்கனை லிமெரிக் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்து எழுதிய கட்டுரை 2023 இறுதியில் ‘ஜர்னல் ஆஃப் அப்ளைட் ஃபிசியாலஜி’ இதழில் வந்தது. அதை ஒட்டி உலகமெங்கும் செய்திகள் வந்தன. பெரும்பாலானவை “முதுமைக்கு மருந்து கண்டாச்சு” என்கிற தொனி. இந்த வருடங்களில் மார்கன் துடுப்பு போட்ட தூரம் பூமியைக் கிட்டத்தட்ட பத்து முறை சுற்றுவதற்குச் சமம் என்றும் ஒரு வரி சுற்றியது. வாரம் 30 கிலோமீட்டர் என்று அதே செய்திதான் சொல்கிறது. 19 வருடத்துக்கு அது சுமார் 30 ஆயிரம் கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு 40 ஆயிரம். ஒரு சுற்றே முடியவில்லை! அதனால் அவர் சாதனை ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் இந்த விஷயத்தில் எண்களைக் கேட்ட மாத்திரத்தில் நம்பக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

நமக்கு இங்கே முதுமை ஆராய்ச்சி முக்கியமில்லை. ரோயிங் மெஷினில் உட்காரும் ஒருவருடைய இதயம், நுரையீரல், தசை எந்த நிலையில் இருக்கின்றன, எவ்வளவு வேகத்தில் இழுத்தால் அவருக்குப் பயன் என்பதைக் கணிக்க ஊரில் புழங்கும் வழிகள் பல. அந்தக் கணிப்புகள் எங்கே நிற்கும், எங்கே விழும் என்று பார்க்க மார்கனைவிட நல்ல ஆள் கிடைப்பது கடினம்.

சோதனை நாள்

ஆய்வுக்கூடத்தில் முதலில் உடல் அளவுகள் எடுத்தார்கள். உடலில் கொழுப்பு சுமார் 15 சதவீதம், தசை சுமார் 80 சதவீதம் என்று வந்தது. அப்புறம் 2000 மீட்டர். இந்த விளையாட்டில் எல்லாத் தேர்வுக்கும் அதுதான் தேர்வு. இளைஞர்கள் ஆறேழு நிமிடத்தில் முடிப்பார்கள், மற்றவர்களுக்கு எட்டு, பத்து நிமிடம் ஆகும். மார்கன் அந்தத் தூரத்தை இழுக்கும்போது இதயம், மூச்சு, தசை மூன்றையும் கருவிகள் கண்காணித்தன.

உச்சத் துடிப்பு நிமிடத்துக்கு 153. தொண்ணூறு வயதைத் தாண்டியவர்களிடம் பதிவானவற்றில் மிக உயர்ந்த எண்களில் இது ஒன்று.

இப்போது ஜிம்மில் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். 220-இலிருந்து வயதைக் கழி, அதுதான் உன் உச்சத் துடிப்பு என்கிறது அது. மார்கனுக்கு 128 வருகிறது. உண்மைக்கும் அதற்கும் 25 துடிப்பு வித்தியாசம். இந்தச் சூத்திரம் 1970-களில் பரவியது. இதற்கென்று தனியாகத் திட்டமிட்டு நடத்திய ஆய்விலிருந்து பிறந்ததில்லை. இருந்த தரவுகளின் மேல் கண்மதிப்பாகப் போட்ட கோடு, எளிதாக நினைவில் நின்றதால் நிலைத்துவிட்டது. 2001-இல் டனாக்கா என்ற ஆய்வாளரும் சகாக்களும் 351 ஆய்வுகளையும் அவற்றில் இருந்த 18,712 பேரையும் தொகுத்து, 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்க வேண்டும் என்று திருத்தினார்கள். அதன்படி மார்கனுக்கு 144. முன்னதைவிட எவ்வளவோ மேல், ஆனாலும் 9 துடிப்பு குறைவு.

இந்த 9-ஐ யாரும் பிழை என்று சொல்ல முடியாது. ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே உச்சத் துடிப்பு சராசரியிலிருந்து 10 துடிப்பு மேலும் கீழும் விலகி இருப்பது சாதாரணம். சூத்திரம் கூட்டத்தின் சராசரியைச் சொல்கிறது. கூட்டத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது.

இதன் விளைவு என்ன என்று பார்த்தால்தான் சிக்கல் புரியும். 128-ஐ உச்சம் என்று எடுத்தால், அதில் 85 சதவீதம் 109 துடிப்பு. அட்டவணையில் அது சிவப்பு நிறக் கட்டத்துக்கு அருகில் இருக்கும்: ‘கடினம், நீண்ட நேரம் வேண்டாம்’. மார்கனின் உண்மையான உச்சமான 153-ஐ வைத்துப் பார்த்தால் அதே 109 வெறும் 71 சதவீதம்தான். பேசிக்கொண்டே இழுக்கும் நிதானம் அது. அட்டவணையை நம்பியிருந்தால் அவர் தன் மிதமான பயிற்சியையே ஆபத்தென்று நினைத்துப் பாதியில் நிறுத்தியிருப்பார்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். 45 வயதுக்காரருக்குச் சூத்திரம் 175 என்கிறது. அவருடைய உண்மை உச்சம் 165 என்றால், ‘75 சதவீதம், நிதானம்’ என்று நினைத்து 131-இல் இழுப்பவர் உண்மையில் 80 சதவீதத்தை ஒட்டிப் போய்க்கொண்டிருக்கிறார். ஒரு நாளைக்கு ஒன்றும் தெரியாது. வாரம் ஐந்து நாள் இப்படிப் போனால் இரண்டு மாதத்தில் களைப்பு சேர்ந்து, ‘எனக்கு இது ஒத்துவரவில்லை’ என்று மெஷினில் துணி காயப் போடுவார்.

எந்த எண் எதைச் சொல்கிறது

செய்திகளில் 153-ஐத்தான் கொண்டாடினார்கள். என் பார்வையில் அதைவிடப் பெரிய செய்தி வேறொரு எண்: 30 வினாடி.

உச்சத் துடிப்பு பயிற்சியால் உயர்வதில்லை. பல வருடம் ஓடியவருக்கும் சோபாவில் கிடந்தவருக்கும் அது ஒன்றுபோலவே இருக்கலாம். மார்கனின் 153-இல் பெரும்பகுதி பிறவியில் வந்த அதிர்ஷ்டமாகவே இருக்கக்கூடும். சூத்திரத்தின் குறையை அது காட்டுகிறது, கொட்டகையில் இழுத்த 19 வருடத்தின் பலனை அல்ல.

30 வினாடி வேறு கதை. சும்மா உட்கார்ந்திருந்தவர் சட்டென்று இழுக்கத் தொடங்கினால், தசைகள் அந்த நொடியே கூடுதல் ஆற்றலைக் கேட்கின்றன. ஆக்சிஜன் அந்த நொடியே வந்து சேர்வதில்லை. மூச்சு, இதயம், ரத்தக் குழாய், தசைக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா எல்லாம் படிப்படியாக வேகம் எடுத்த பிறகுதான் தேவைக்கு ஈடாக வரும். வரவேண்டிய உயர்வில் 63 சதவீதம் வந்துசேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை ஒரு காலமாறிலியாகக் கணக்கிடுவார்கள். அதுவரை உடல் கடன் வாங்கித்தான் ஓடுகிறது. கையிருப்பு கிரியேட்டின் பாஸ்பேட்டும், லாக்டேட் சேரச் சேர எரியும் சர்க்கரையும்தான் அந்தக் கடன். வயதானவர்கள் மாடிப்படி ஏறும்போது முதல் ஒரு நிமிடத்திலேயே மூச்சு வாங்கி நின்று, பிறகு சமாளித்துக்கொள்வதற்கு இந்தத் தாமதம் ஒரு பெரிய காரணம். பயிற்சி இல்லாத முதியவர்களுக்கு இது 40 வினாடிக்கு மேல், ஒரு நிமிடம்வரைகூடப் போகும். மார்கனுக்கு 30 வினாடி. ஆரோக்கியமான இளைஞர்களிடம் எதிர்பார்க்கும் அளவு அது.

இந்த எண் பயிற்சிக்கு அசைந்து கொடுக்கும். வயதானவர்களிடம்கூட சில வாரப் பயிற்சியிலேயே குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் இதைப் பெரிதென்கிறேன். வீட்டில் இதை அளக்க முடியாது, மூச்சுக்கு மூச்சு ஆக்சிஜன் அளக்கும் முகமூடி வேண்டும். ஆனால் அதன் சாயல் எல்லோருக்கும் தெரியும்: தொடக்கத்து இரண்டு நிமிடம் நாக்குத் தள்ளுகிறதா, போகப் போகச் சரியாகிறதா?

வாரம் 30 கிலோமீட்டர், 70–20–10

மார்கனின் பயிற்சி முறையில் மர்மம் எதுவும் இல்லை. வாரத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அதில் 70 சதவீதம் அலட்டிக்கொள்ளாத நிதானம், 20 சதவீதம் கஷ்டம்தான் ஆனாலும் தாங்கும் என்கிற வேகம், மீதி 10 சதவீதம் உயிரைக் கொடுத்து இழுப்பது. கிலோமீட்டராக்கினால் 21, 6, 3. வாரம் முழுவதற்கும் மூன்றே கிலோமீட்டர்தான் முழு வேகம். இதோடு வாரம் இரண்டு மூன்று நாள் கையில் டம்பெல் வைத்து, தசை சோர்ந்து போகிறவரை எடைப் பயிற்சி. சாப்பாட்டில் புரதம் கொஞ்சம் தாராளம். அவ்வளவுதான்.

இந்தப் பங்கீடு கிழவருக்காக இறக்கிக் கொடுத்த சலுகை என்று யாராவது நினைத்தால், நார்வே துடுப்பு வீரர்களைப் பார்க்க வேண்டும். 1970 முதல் 2001 வரை சர்வதேசப் பதக்கம் வென்ற நார்வேக்காரர்களின் பயிற்சிப் பதிவுகளை ஃபிஸ்கெர்ஸ்ட்ரான்ட், ஸ்டீபன் சைலர் இருவரும் தொகுத்து 2004-இல் வெளியிட்டார்கள். அந்த முப்பது வருடத்தில் நிதானமான பயிற்சி மாதத்துக்கு 30 மணி நேரத்திலிருந்து 50 ஆகக் கூடியது. போட்டி வேகமும் அதற்கு மேற்பட்டதும் 23 மணி நேரத்திலிருந்து 7 ஆகச் சுருங்கியது. உடல் நிமிடத்துக்கு அதிகபட்சம் எடுத்துப் பயன்படுத்தும் ஆக்சிஜனோ, அதாவது உச்ச ஆக்சிஜன் அளவோ, 12 சதவீதம் உயர்ந்தது. உலகத் தரத்து ஆட்கள் வருடத்துக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் இழுத்து வந்துசேர்ந்த பங்கீட்டுக்கே, பின்கட்டில் இழுத்த மார்கனும் ஏறக்குறைய வந்திருக்கிறார்.

அவருடைய மூன்று படிகளும் உணர்வை வைத்துப் பிரித்தவை என்பதையும் கவனிக்க வேண்டும். ‘அலட்டல் இல்லை’, ‘கஷ்டம், ஆனால் தாங்கும்’, ‘முழு மூச்சு’. எந்தத் துடிப்பு அட்டவணையும் அவர் உடம்புக்குப் பொருந்தாது என்று மேலே பார்த்தோமே, அப்படிப்பட்டவருக்கு மூச்சே அளவுகோல். முழு வாக்கியம் பேச முடிகிறதா? முதல் படி. மூன்று நான்கு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வேண்டுமா? இரண்டாவது. ஒற்றை வார்த்தைக்கு மேல் வரவில்லை என்றால் மூன்றாவது. கேட்கக் கொஞ்சம் அசட்டுத்தனமாக இருக்கும். ஆனால் மேலே சொன்ன இரண்டு சூத்திரங்களைவிட இது அவருக்கு நியாயம் செய்திருக்கும்.

மெஷின் சொல்லும் எண்

ரோயிங் மெஷினுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. டிரெட்மில்லோ சைக்கிளோ போலன்றி, கிட்டத்தட்ட உலகம் முழுக்க ஒரே தயாரிப்பைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் டிரைசிகாக்கர் சகோதரர்கள் தொடங்கிய கான்செப்ட்2 நிறுவனம் 1981-இல் முதல் மெஷினை விற்றது. இழுக்கும்போது சுழலும் சக்கரம், விட்டதும் எவ்வளவு சீக்கிரம் வேகம் குறைகிறது என்பதை மெஷின் ஒவ்வோர் இழுப்பிலும் அளந்து, காற்றின் எதிர்ப்பைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. அதனால் சக்கரத்துக்குள் புகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பக்கவாட்டு நெம்புகோல் 4-இல் இருந்தாலும் 10-இல் இருந்தாலும் வாட் கணக்கு நேர்மையாக வரும். நெம்புகோலை 10-இல் தள்ளிவிட்டு வீரம் காட்டுவதில் முதுகுவலியைத் தவிர வேறு லாபமில்லை.

திரையில் தெரிவது 500 மீட்டருக்கு ஆகும் நேரம். அதற்கும் வாட்டுக்கும் உள்ள உறவு நேர்கோடு இல்லை, கனமடங்கு: ஒரு மீட்டருக்கு ஆகும் வினாடியின் கனத்தை எடுத்து, 2.80-ஐ அதால் வகுத்தால் வாட் வரும். இரண்டரை நிமிட வேகத்துக்கு 104 வாட் போதும். இரண்டு நிமிட வேகத்துக்கு 203 வாட் வேண்டும். நேரம் ஐந்தில் ஒரு பங்கு குறைய, உழைப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. தீவிரத்தை நேரத்தின் சதவீதமாகப் போடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 78 கிலோ எடையுள்ள ஒரு ஆண் 2000 மீட்டரை 8 நிமிடம் 20 வினாடியில் முடிக்கிறார். 500-க்கு 2:05, சராசரி 179 வாட். அவருடைய நிதானம் எங்கே இருக்க வேண்டும்? அந்த வாட்டில் 55 முதல் 60 சதவீதம் என்று தொடங்கலாம். 98 முதல் 107 வாட் வரும், அதாவது 2:28-க்கும் 2:33-க்கும் நடுவில். பெரும்பாலானவர்கள் செய்வது என்ன? போட்டி வேகத்திலிருந்து பத்து வினாடி குறைத்து 2:15-இல் இழுத்துவிட்டு அதை நிதானம் என்கிறார்கள். 2:15 என்றால் 142 வாட், 79 சதவீதம். மார்கனின் கணக்கில் அது 70-இல் சேராது, 20-இல்தான் சேரும்.

இனி உச்ச ஆக்சிஜன் அளவு, அதாவது விஓ2 மேக்ஸ். முகமூடி இல்லாமல் அதைக் கணிக்க, ஒஹையோ பல்கலைக்கழகத்தின் ஃபிரிட்ஸ் ஹேகர்மன் துடுப்பு வீரர்களிடம் செய்த பணியை வைத்து ஒரு கணிப்பி புழக்கத்தில் இருக்கிறது. நன்றாகப் பயிற்சி பெறாத ஆணுக்கு: 2000 மீட்டருக்கு எடுத்த நேரத்தை நிமிடக் கணக்கில் 0.9-ஆல் பெருக்கி 10.7-இலிருந்து கழிக்க வேண்டும். நம் ஆளுக்கு நிமிடத்துக்கு 3.2 லிட்டர், எடையால் வகுத்தால் கிலோவுக்கு 41 மில்லிலிட்டர். நாற்பதுகளில் இருக்கும் ஆணுக்கு மோசமில்லை.

இதைச் சரிபார்க்க இன்னொரு வழி இருக்கிறது. மெஷின் கலோரி காட்டும்போது, வாட்டை 3.44-ஆல் பெருக்கி 300 கூட்டி ஒரு மணி நேரக் கணக்காகத் தருகிறது. 179 வாட்டுக்கு 916 கலோரி. ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்குச் சுமார் 5 கலோரி என்று வைத்தால் நிமிடத்துக்கு 3.05 லிட்டர். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. நம்பலாம் போலிருக்கிறதே என்று தோன்றும்.

அவசரப்பட வேண்டாம். அதே கணிப்பியில் ‘நன்கு பயிற்சி பெற்றவர்’ என்ற கட்டத்தைத் தட்டினால் சூத்திரமே மாறிவிடும். 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆணுக்கு 15.7-இலிருந்து நேரத்தின் ஒன்றரை மடங்கைக் கழிக்க வேண்டும், 75-க்குள் இருந்தால் 15.1-இலிருந்து. 8:20-இல் இழுக்கும் நம் ஆளுக்கு எந்தக் கட்டத்தைத் தட்டினாலும் 3.2 லிட்டர்தான், இரண்டு கோடுகளும் சரியாக அந்த இடத்தில் வெட்டிக்கொள்கின்றன. அவரே 9 நிமிடம் எடுத்திருந்தால் ‘பயிற்சி பெற்றவர்’ என்று தட்டியதற்குத் தண்டனையாக 2.6 லிட்டர் 2.2 ஆகிவிடும். 7 நிமிடத்தில் முடித்திருந்தால் அதே தட்டலுக்குப் பரிசாக 4.4 லிட்டர் 5.2 ஆகும். எடை எல்லையில் இன்னும் வேடிக்கை. பயிற்சி பெற்ற ஒருவர் 7 நிமிடத்தில் முடிக்கிறார். காலையில் எடை 74.9 கிலோ என்றால் கிலோவுக்கு 61 மில்லிலிட்டர். நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு 75.1 ஆனபின் கணக்கிட்டால் 69! உடல் மாறவில்லை. உள்ளரங்கத் துடுப்பில் ஆண்கள் எடை குறைந்தோர் பிரிவின் போட்டி வரம்பு 75 கிலோ, அந்தப் பிரிவினையை ஒட்டிச் சூத்திரமும் இரண்டாக ஒடிந்து கிடக்கிறது.

ஆகவே இந்த விஓ2 மேக்ஸ் எண்ணை நண்பரோடு ஒப்பிடுவதில் பொருள் இல்லை. ஒரே கட்டத்தைத் தட்டி, ஒரே சூத்திரத்தில், உங்கள் பழைய நேரத்தோடு புதிய நேரத்தை ஒப்பிட்டால் ஏதோ தெரியும். அப்படிப் பார்க்கையில் சூத்திரமே எதற்கு, 2000 மீட்டர் நேரத்தை நேரடியாக ஒப்பிட்டாலே போதுமே என்றால், அதுவும் சரிதான்.

இந்த ஆய்வில் இல்லாதது

மார்கன் ஒரே ஒரு ஆள். எல்லா அளவும் 92 வயதில் எடுத்தவை, 73-இல் எடுத்து வைத்த அளவு எதுவும் பக்கத்தில் இல்லை. அதனால் 30 வினாடியில் பயிற்சி தந்தது எவ்வளவு, தாய் தகப்பன் தந்தது எவ்வளவு, பேக்கரியில் மாவு மூட்டை தூக்கிய வருடங்கள் தந்தது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. சோதித்தவர்களில் ஒருவர் பேரன் என்பதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். கருவிக்குப் பாசம் கிடையாது. ஆனால் தொடக்க அளவு இல்லாதது உண்மையான குறை.

புதிதாக மெஷினில் உட்காருகிறவருக்கு அந்தக் குறை வராமல் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு உயிரைக் கொடுத்து 2000 மீட்டர் இழுக்கவும் வேண்டியதில்லை. பேசிக்கொண்டே இழுக்கக்கூடிய ஒரு வாட்டைத் தேர்ந்தெடுங்கள், 80 ஆகவோ 100 ஆகவோ இருக்கட்டும். நிமிடத்துக்கு 20 இழுப்புக்கு மேல் போகாமல் அதே வாட்டில் 30 நிமிடம் இழுத்து, பத்தாவது நிமிடத் துடிப்பையும் முப்பதாவது நிமிடத் துடிப்பையும் எழுதி வையுங்கள். மார்பில் கட்டும் பட்டை நல்லது, கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கும்போது மணிக்கட்டுக் கடிகாரம் அடிக்கடி உளறும். மூன்று மாதம் கழித்து அதே வாட், அதே நேரம், அதே நெம்புகோல் நிலை. துடிப்பு குறைந்திருந்தால் ஏரோபிக் திறன், அதாவது ஆக்சிஜனை வைத்து உழைக்கும் திறன், கூடியிருக்கிறது. பத்துக்கும் முப்பதுக்கும் இடையில் துடிப்பு ஏறும் அளவு சுருங்கியிருந்தால் அதுவும் நல்ல அடையாளம்.

அறை வெப்பம் மட்டும் ஏமாற்றிவிடும். மெஷின் இருந்த இடத்திலேயே இருப்பதால் எதிர்க்காற்று கிடையாது. மின்விசிறி இல்லாத மாடி அறையில் அதே வாட்டுக்குத் துடிப்பு கணிசமாக ஏறிக்கொண்டே போகும், மே மாத அளவை டிசம்பர் அளவோடு ஒப்பிட்டு மகிழ்ந்துவிடக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு ஒரு அளவுக்கு மேல் ஏறவே ஏறாது, அவர்களுக்கு மேலே சொன்ன எந்தத் துடிப்புக் கணக்கும் பொருந்தாது. அவர்கள் வாட்டையும் மூச்சையும் வைத்துத்தான் போக வேண்டும், முழு வேக இழுப்புக்கு முன்னால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு. மாத்திரையின் அளவு மாறிய தேதியையும் அதே நோட்டில் குறித்து வைக்க வேண்டும், இல்லையென்றால் மூன்று மாதம் கழித்துத் துடிப்பு குறைந்தது பயிற்சியாலா மாத்திரையாலா என்று சொல்ல முடியாமல் போகும்.